கப்பல் பதிவேட்டிலிருந்து ஊர்ப் பதிவேட்டுக்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை, சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்துமாக 1,52,184 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக, டர்பனை உள்ளடக்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டம், இருப்புப்பாதை, நிலக்கரிச் சுரங்கம் என்று அவர்கள் உழைத்த இடங்கள் பல. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இப்போது தம் முன்னோரின் ஊரைத் தேடி நம் மாவட்டங்களுக்கு வருகிறார்கள். அந்தத் தேடலில் துணைநிற்கும் ஒருவன் என்ற முறையில், அது இன்று எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

தேடலுக்கு அடிப்படை, கப்பல் பதிவேடு. நேட்டாலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண் ஒன்று கொடுக்கப்பட்டது. அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. கணினியில் ஏற்றப்பட்ட பின்பு, டர்பனில் இருக்கும் ஒரு குடும்பம் தாத்தாவின் பழைய சான்றிதழில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டே அவருடைய பதிவைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. இடக் கணுக்காலில் தழும்பு என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுப் பேச முடியாமல் நின்றவர்களை நான் அறிவேன். புகைப்படம்கூட இல்லாத ஒரு மனிதரைப் பற்றி அவர்களுக்குக் கிடைக்கும் முதல் நேரடிச் செய்தி அதுதான்.

ஆனால் பதிவைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். ஊர்ப் பெயர், எழுத்தரின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மாவட்ட எல்லைகளோ பலமுறை மாறிவிட்டன. பழைய பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால், அந்த ஊர் இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கலாம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்ததால் ஆந்திரத்திலும் இருக்கலாம். அதே ஆண்டுவரை திருவண்ணாமலைத் தாலுகா தென் ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்றைய வரைபடத்தை மட்டும் பார்த்துத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

அண்மையில் முடிவுக்கு வந்த ஒரு தேடலைச் சொல்கிறேன். டர்பனில் வாழும் ஒரு குடும்பத்தின் முன்னோர் ஒருவருடைய பதிவில் போளூர்த் தாலுகா என்பது தெளிவாக இருந்தது; கிராமத்தின் பெயரை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தது. டர்பனில் அந்தக் குடும்பத்தார் இன்றைக்கும் ஆடி மாதத்தில், போளூரை அடுத்த படவேட்டில் கோயில் கொண்ட ரேணுகாம்பாள் அம்மனை நினைத்துக் கூழ் ஊற்றுகிறார்கள். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத தலைமுறையும் அந்தக் கூழை விட்டுவிடவில்லை. படவேட்டம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம் என்பதால் அதை வைத்து ஊரை முடிவுசெய்ய முடியாது. ஆனாலும் திசை சரிதான் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. பின்பு பதிவேட்டில் அவருடைய எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்தோம். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து புறப்பட்டவர்கள் அடுத்தடுத்துப் பதியப்படுவது உண்டு. அப்படியே அதே ஊர்ப் பெயர் இன்னொருவர் வரியில் தெளிவான எழுத்தில் இருந்தது.

அந்த ஊரில் விசாரித்தபோது, பங்காளி வீட்டார் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பாகப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார்கள். மூத்த சகோதரர் நேட்டாலுக்குப் போய்த் தகவல் இல்லாத காரணத்தால் அவருடைய பாகத்தை மற்றவர்கள் அனுபவித்து வருவதாக அதில் எழுதியிருந்தது. தகப்பன் பெயரும் கப்பல் பதிவோடு ஒத்துப்போனது. கடல் கடந்து போனவர்கள் ஊராரின் நினைவிலிருந்து அழிந்துவிட்டார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் குடும்பமோ தலைமுறை தலைமுறையாக அவருடைய பங்கைப் பேச்சில் ஒதுக்கியே வைத்திருந்தது. இத்தகைய பத்திரங்களும், வாய்மொழியாகச் சொல்லப்படும் வம்சாவளியும் எந்தக் காப்பகத்திலும் இல்லை. வீடு இடிக்கும்போது செல்லரித்த காகிதம் என்று குப்பையில் போடப்படுவது இவைதான். அதை நினைத்தால் எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் வம்சாவளி பெரும்பாலும் ஆண் வழியாகவே சொல்லப்படுகிறது. கொள்ளுப்பாட்டியின் தகப்பனார் பெயரைக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கப்பல் பதிவேட்டிலோ, கழனியில் நாற்று நட்ட பெண்ணுக்கும் தனி எண், தகப்பன் பெயர், பிறந்த ஊர், அடையாளம் எல்லாம் உண்டு. கூலிக்கு ஆள் கணக்கு வைப்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது என்பதில் ஐயமில்லை. இருந்தும், அந்தக் காலத்து ஏழைப் பெண் ஒருத்தியைப் பற்றி இத்தனை விவரம் தரும் வேறு ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

போளூர்க்காரர் நேட்டாலில் மணந்துகொண்ட பெண்ணின் பதிவும் இப்போது கிடைத்துள்ளது. அவர் வேறொரு கப்பலில் தனியாக வந்தவர். அவருடைய தாலுகா, இன்று ஆந்திரத்தில் உள்ள பலமனேர். தெலுங்கு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவருடன் சேர்ந்து, அவருடைய ஊரைக் கண்டறியும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் குடும்பத்திலும் கப்பலேறிப் போனவர் என்று யாரையாவது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், அவருடைய பெயர், தகப்பனார் பெயர், குலதெய்வம், அப்போதைய தாலுகா ஆகியவற்றை எழுதி வையுங்கள். டர்பனிலிருந்து தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

நன்றி, வணக்கம்.