பவளத் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

நேயர்களுக்கு வணக்கம். நன்னீரில் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும்போது, எந்த ஃபில்டர் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடைக்காரரும் உடனே ஒரு பெட்டியை எடுத்துக் காட்டிவிடுவார். ஆனால் மீன்களோடு பவள உயிரிகளும் வாழப்போகும் தொட்டி என்றால், கழிவை வேறொன்றாக மாற்றுவதற்கு ஒரு கருவி வேண்டுமா, அல்லது அதைத் தொட்டியிலிருந்தே வெளியேற்ற ஒரு கருவி வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை லிட்டருக்கு 30, 40 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாங்கிக்கொள்ளும் என்பதால், அங்கே மாற்றும் வேலையோடு வடிகட்டியின் கடமை முடிந்துவிடுகிறது. பவளத் தொட்டியிலோ நைட்ரேட் 5 முதல் 15 மில்லிகிராமுக்குள்ளும், பாஸ்பேட் 0.1 மில்லிகிராமுக்குக் கீழேயும் இருப்பது நல்லது. மீறினால் பாசி பெருகிப் பவளத்தின் மேல் படரும். பாஸ்பேட் மிகுந்தால் கடினப் பவளங்களின் சுண்ணாம்புக் கூடு வளர்வதும் மந்தப்படும்.

இதனால்தான் நன்னீரில் நன்றாக உழைக்கும், மூடிய பெட்டியாக வரும் கேனிஸ்டர் ஃபில்டரையும், பயோ பால் எனப்படும் பிளாஸ்டிக் உருண்டைகள் நிரப்பிய பெட்டியையும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவை அம்மோனியாவை விரைவாகவே நைட்ரேட்டாக மாற்றிவிடும். ஆனால் அந்த நைட்ரேட் பிறகு தண்ணீரிலேயே தங்கிவிடும். உள்ளே சேரும் குப்பையை வாரந்தோறும் அலசினால் ஓரளவு சமாளிக்கலாம். மூடிய பெட்டியை வாரந்தோறும் திறப்பவர்கள் எத்தனை பேர்?

1961-ஆம் ஆண்டிலேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளத்திட்டிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறையையும் கடல்நீரையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டியை நடத்தும் முறையை எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள், அந்தப் பாறையோடு வலுவான நீரோட்டத்தையும், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவியையும் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்று இன்றும் வழங்குவது இதுதான். பாறையின் மேற்பரப்பில் ஆக்ஸிஜனை விரும்பும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்க, ஆக்ஸிஜன் எட்டாத உட்துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் கலக்கவிடுகின்றன. பிளாஸ்டிக் உருண்டையில் அத்தகைய உட்பகுதி கிடையாது.

இந்தியாவில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், பவளத்திட்டுகளைக் கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. உயிர்ப்பாறை என்பது பெரும்பாலும் பவளத்தின் கூடுதான். மன்னார் வளைகுடாவில் பெயர்த்தது என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால் அதை வாங்குவது குற்றம். திட்டுக்குச் செய்யும் கேடும் ஆகும். தொட்டிக்கென்றே செய்யப்படும், நுண்துளைகள் மிகுந்த செராமிக் பாறைகள் போதும். அவற்றில் நுண்ணுயிர்கள் இருக்காது என்பதால் புட்டியில் வரும் நுண்ணுயிர்க் கலவையை ஊற்றி, சிறிது அம்மோனியாவையும் சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாகும்வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் வேண்டாம். உயிரிகளை வாங்கும்போதும், அவை சட்டப்படி வந்தவை என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பாறை மாற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியேற்றும் வேலைக்கு உரியது ஸ்கிம்மர். கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியை இதற்குச் செலவிடுவதே சரி என்பது என் கருத்து. கழிவிலுள்ள கரிமப் பொருள்களில் பல, ஒரு முனை நீரை நாடியும் மறுமுனை நீரை விலக்கியும் இருப்பவை. அவை நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மரின் மோட்டார் காற்றை மிக நுண்ணிய குமிழிகளாக அரைத்து ஓர் உருளைக்குள் அனுப்ப, குமிழிகள் அந்தக் கழிவைச் சுமந்து மேலேறி நுரையாகி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் வழிகின்றன. உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று இணையாமல் சிறிதாகவே நிற்பதால்தான் இது கடல்நீரில் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அந்தக் கிண்ணத்தைக் கழற்றினால், கரும்பச்சைச் சாறும் கழுத்தில் அப்பிய பழுப்புச் சேறும் மூக்கைப் பொத்த வைக்கும். அத்தனையும் அழுகி அம்மோனியாவாகும் முன்பே வெளியேறிவிட்டது. கழுத்தைத் துடைக்காமல் விட்டால் நுரை ஏறாது.

புதிய ஸ்கிம்மர் முதல் சில நாள்கள் சரியாக நுரைக்காது. உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவும் தாராளமாகவே சொல்லப்படுவது. 200 லிட்டர் தொட்டிக்கு 300 லிட்டருக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை வாங்கலாம். வெப்பமான ஊர்களில் நீர் ஆக்ஸிஜனைக் குறைவாகவே தாங்கும் என்பதால், ஸ்கிம்மர் காற்றைக் கலப்பதும் கூடுதல் ஆதாயம். 80 லிட்டருக்கும் குறைவான சிறு தொட்டியானால் ஸ்கிம்மர் இல்லாமலே, வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிச் சமாளிக்கலாம்.

மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். அதற்கு மணிக்கு 4000 லிட்டர் அளவுக்கு நீரை அலைக்கும் வேவ்மேக்கர் வேண்டும். நீரோட்டம் இல்லாத மூலையில் குப்பை தங்கினால் பாறை தன் வேலையைச் செய்யாது. ஸ்கிம்மரை வைக்கத் தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டியை அமைப்பது சிறந்தது. ஆனால் மின்சாரம் நின்றதும், மேலே நீரை ஏற்றும் குழாய் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி இறங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தால் சம்ப் நிரம்பித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர் ஆகிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டால், நீர் அந்த அளவுக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். முதல் நாளே மோட்டாரை நிறுத்தி, சம்பில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துக் கோடு போட்டு வையுங்கள். துளையை உப்பும் பாசியும் அடைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட மின்வெட்டில் கேனிஸ்டருக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த நாறிய நீர் தொட்டிக்குள் பாயும். திறந்த தொட்டியில் கிடக்கும் பாறைக்கு, பேட்டரியில் ஓடும் ஓர் ஏர் பம்ப் இருந்தால் போதும்.

எந்த வடிகட்டியும் ஊற்றும் நீரின் குறையைச் சரிசெய்யாது. வீட்டு ஆர்ஓ இயந்திரங்களில் பல, சுவைக்காகச் சிறிது மூல நீரையோ தாது உப்புகளையோ திரும்பக் கலக்கின்றன. ஆகவே நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை, எஞ்சிய உப்புகளையும் நீக்கும் டிஐ குடுவை ஒன்றையும் கடக்கச் செய்த பிறகே உப்பைக் கரைக்க வேண்டும். ஆவியாகிக் குறைவதை நிரப்புவதும் இந்த நன்னீராலேயே, உப்பு ஆவியாவதில்லை.

ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பையளவு சம்பில் கிடந்தால், நீரின் மஞ்சள் நிறமும், மென்பவளங்கள் ஒன்றையொன்று தாக்க வெளியிடும் நச்சும் குறையும்; மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு துகள்களை மட்டும் தொடக்கத்திலேயே போட வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு வற்றிய தொட்டிகளில் பவளங்கள் வெளிறுவதும், டைனோபிளாஜெல்லேட் என்ற பழுப்பு நிறக் கொழகொழப்பு மணல் முழுவதும் படர்வதும் அடிக்கடி நடப்பவை. சோதனையில் பாஸ்பேட் தொடர்ந்து 0.1-ஐத் தாண்டினால், முதலில் தீனியைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் அந்தத் துகள்களைச் சிறிதளவு போட்டு, வாரந்தோறும் அளந்து வாருங்கள். வணக்கம்.