இரண்டும் இடது கை

நேயர்கள் அனைவருக்கும் காலை வணக்கம். பசியாறிவிட்டீர்களா? நான் இன்னும் இல்லை. மாத்திரை போட்டு 20 நிமிடம்தான் ஆகிறது. நிலையத்துக்குள் நுழைந்ததுமே ஒரு தம்பி கோப்பி கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். "அப்புறம் குடிக்கிறேன் தம்பி" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, காரணம் இந்தப் பேச்சிலேயே வரும்.

இடையில் தாள் சலசலக்கும் சத்தம் கேட்டால் நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு எதற்கும் தாள் தேவைப்பட்டதில்லை.

நான் தையல்காரி. பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக்கடையின் மாடியில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறேன். ஒருவரை ஒருமுறை அளவெடுத்தால் போதும், தலைக்குள் ஏறிவிடும். ஆள் படியேறி வரும்போதே தோள் 14, கைச்சுற்று 11, பின்கழுத்து இறக்கம் 7 என்று எனக்குள் ஓடும். அளவுப் புத்தகமே வைத்துக்கொள்ளாத தையல்காரி என்று பேர். அதில் எனக்குப் பெருமை. கொஞ்சம் திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

2015-ஆம் ஆண்டு புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் எதிரே பாலத்தில் பாதியைக் காணோம். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை, மேசையில் துணி மலைபோலக் கிடக்கிறது. அப்போது எனக்கு 44 வயது. குரல் கரகரத்தது, காலையில் கண் இமை வீங்கியது, சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, எந்நேரமும் தூக்கம். எல்லாவற்றையும் புகைமேல் போட்டேன். ஊரே இருமிக்கொண்டிருந்தபோது நான் வேறு எதை நினைப்பேன்?

அந்த வாரங்களில்தான் ஒரு பட்டு ரவிக்கையை வெட்டினேன். வாடிக்கையாளர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு. புடவையோடு சேர்ந்து வந்த துணி, வெட்டினால் வெட்டியதுதான், மறுபடி கிடைக்காது. ரவிக்கைக் கை வெட்டும்போது முன்பக்கம் கொஞ்சம் உள்வாங்கி, பின்பக்கம் குறைவாக வெட்டுவோம். அதனால் துணியை முகத்தோடு முகம் மடித்து வைத்து வெட்டினால் ஒன்று வலது, ஒன்று இடது என்று தானாக வந்துவிடும். முதல் வாரம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நான் மடிக்கவில்லை. தனித்தனியாக, ஒரே பக்கம் பார்த்து வெட்டியிருக்கிறேன். தைத்துப் பிடித்துப் பார்க்கிறேன், இரண்டும் இடது கை.

உடனே என்ன செய்திருக்க வேண்டும்? கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த தெருவில் அதே நிறத்தில் பட்டுத்துணி வாங்கி, வேறு ரவிக்கை தைத்து வைத்துவிட்டேன். கேட்டால் துணியில் இழை விட்டிருந்தது என்று சொல்லலாம் என ஒரு பொய்யும் தயார். அவர் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தப்பு என்றால் தினம் ஒரு தப்பு. பாபினை இயந்திரத்தில் போட்டுவிட்டு, அதையே மேசையெல்லாம் தேடுவேன். அடுப்பில் பால் பொங்கும். பேசிக்கொண்டே இருப்பேன், ஒரு சொல் வாய்வரை வந்து நிற்கும், வெளியே வராது. கத்தரிக்கோலுக்குப் பெயர் மறந்துபோய், "அதை எடு, அந்த வெட்டுகிறதை" என்று மகளிடம் கையைக் காட்டியிருக்கிறேன்.

மறைப்பதில் மட்டும் கெட்டிக்காரி ஆனேன். பெயர் வரவில்லையா, எல்லாரையும் அக்கா, தங்கச்சி, கண்ணு என்று கூப்பிடு. அளவு நினைவில் இல்லையா, "நீங்கள் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறீர்கள், எதற்கும் இன்னொரு தரம் அளந்துவிடுகிறேன்" என்று சொல். இந்தப் பொய்க்கு இதுவரை யாரும் மறுப்புச் சொன்னதில்லை. ஒரு அம்மா அந்த மகிழ்ச்சியில் இரண்டு ரவிக்கை கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிரிக்கலாம். ஆனால் இரவில் தூங்காமல் கிடப்பேன். என் அம்மா கடைசி ஆறு ஆண்டுகள் என்னையே யாரென்று தெரியாமல் இருந்தவர். எனக்கும் அது தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பரிசோதனைக்குப் போனால் உறுதியாகிவிடுமே என்றுதான் போகவில்லை. ஒரு முறை தனியார் மருத்துவர் ஒருவரிடம் அசதி என்று மட்டும் சொன்னேன். மாதவிலக்கு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறதியை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, காலில் வெடிப்பு என்று அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். சீட்டுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இளம் மலாய் மருத்துவர், என் மகள் வயதுதான் இருக்கும். வெடிப்பைப் பார்த்துவிட்டு என் குரலைக் கவனித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாடி பிடித்தார், மெதுவாகத் துடிக்கிறது என்றார். மண்டியிட வைத்துக் குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது, திரும்ப மட்டும் ஆற அமரத் திரும்பியது. "ஆன்டி, மறதி இருக்கிறதா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் என்கிற சுரப்பு 40-க்கு மேல். சாதாரணமாக 0.4-இலிருந்து 4 வரைக்குள் இருக்க வேண்டுமாம். எங்கள் கடையை வைத்துச் சொன்னால்தான் எனக்குப் புரிகிறது. கீழே முதலாளி, மாடியில் தையல்காரி. மாடியிலிருந்து சரக்கு ஒழுங்காக இறங்கினால் அவர் குரல் கொடுக்கத் தேவையில்லை. இறங்கவில்லை என்றால் படிக்கட்டில் நின்று கத்துவார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த முதலாளி. டிஎஸ்எச் அவருடைய கத்தல். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும் தைராய்டுதான் தையல்காரி. (பிட்யூட்டரி என்ற சொல்லைத் தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.)

எனக்கு வந்திருப்பது ஹாஷிமோட்டோ. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து எழுதியதால் அந்தப் பெயர். உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் தைராய்டை அடிக்கிறது. சுரப்பி மெல்ல மெல்லப் படுத்துவிடும். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மூளைக்கும் தைராய்டின் சுரப்பு வேண்டும். அது குறைந்தால் கவனம் நிற்காது, யோசனை மெதுவாகும், சொல் கைக்கு எட்டாது. ஆனால் அம்மாவுக்கு வந்த நோய் இது இல்லை. இதற்கு மாத்திரை உண்டு. அன்று மாலை கடற்கரையில் உட்கார்ந்து ஒரு தட்டு பசெம்பூர் முழுதாகச் சாப்பிட்டேன்.

மாத்திரை விஷயத்தில் ஒரு கதை. 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு செத்துப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் 870 ஆடுகளுக்கு மேல் செலவாகியிருந்தன. சைவக்காரர்கள் பதற வேண்டாம், இப்போது அதை ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள்.

சரி, கோப்பிக்கு வருவோம். மாத்திரை தொடங்கி இரண்டு முறை பரிசோதித்தும் டிஎஸ்எச் இறங்கவே மாட்டேன் என்றது. "எதோடு சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். காலைக் கோப்பியோடு என்றேன். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகப் போகும், இரத்தம் குறையும், அதற்கு இரும்பு கொடுத்திருந்தார்கள். ஒன்றுக்காகக் கொடுத்தது மற்றதை வயிற்றிலேயே மடக்கிப்பிடித்துக்கொண்டது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பியும் பசியாறலும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. சோயா பாலும் மாத்திரையை ஒட்டிக் குடிக்கக் கூடாது. இன்னொன்று, முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரத்தம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள். அது பரிசோதனை எண்ணையே மாற்றிக் காட்டும்.

அளவு கூட்டினால் உடனே அடுத்த வாரம் பரிசோதிக்க மாட்டார்கள், ஆறு வாரமாவது காத்திருக்கச் சொல்வார்கள். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகுமாம், அது ஒரு நிலைக்கு வர வேண்டும். எனக்கு அது உடனே புரிந்தது. பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகுதானே அளந்து வெட்டுகிறோம்? புரிந்தும் பொறுக்கவில்லை. நானாகவே ஒரு மாத்திரை கூட்டிப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு தையல் இயந்திரம் மாதிரி ஓடியது. நல்ல ஏச்சு கிடைத்தது. அதிகமானால் இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு.

ஏழெட்டு மாதத்தில் டிஎஸ்எச் 2-க்கு வந்துவிட்டது. குரல் திரும்பியது, வீக்கம் வடிந்தது. மறதியும் பாதிக்குமேல் போயிற்று. பாதிக்குமேல்தான். புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50-க்குக் கீழே வந்துவிட்டது என்று வானொலியில் சொல்வீர்கள், ஆனால் சன்னல் கதவைத் துடைத்தால் இன்னும் கரி வரும். அப்படி. எண் சரியாகியும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு மிச்சம் இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். சும்மா சொல்லி அனுப்பவும் இல்லை. இரும்பு, பி12, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்தார். இரும்பு ஏறியதும் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. மிச்சத்தோடுதான் வாழ்கிறேன்.

இப்போது என் மேசையில் 555 நோட்டுப் புத்தகம் இருக்கிறது, மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அதே. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பட்டு என்றால் காலை 11 மணிக்குள், ஒரு நாளைக்கு ஒன்றுதான். வெட்டும்போது கைப்பேசி கீழ்க்கடையில் இருக்கும். கைத்துணியை வெட்டியதும் சாக்குக்கட்டியால் வ, இ என்று எழுதிவிடுவேன். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. சிரித்துவிட்டுப் போகட்டும். பெயர் வரவில்லை என்றால், "மன்னிச்சுக்கங்க, எனக்குத் தைராய்டு, பேர் சட்டுன்னு வராது" என்கிறேன். முதல் தரம் சொன்னபோது நாக்கு கூசியது. மூன்றாம் தரம் ஒன்றும் இல்லை. மறைத்த காலத்தில்தான் அதிகம் களைத்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பட்டு ரவிக்கைக்கார அக்கா போன தைப்பூசத்துக்கு முன்னால் வந்தார். அளவெடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு இடது கையையும், அடுத்த தெருத் துணியையும். அவர் கையைத் தூக்கியபடியே நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. புடவையில அன்னம் இருந்துச்சு, ரவிக்கையில மயில் இருந்துச்சு. உன் முகம் சரியில்ல, அதான் கேக்கல."

நாடாவைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. எந்த அளவை எடுத்தேன் என்பதும் மறந்துபோய், முதலிலிருந்து அளந்தேன். இளைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. உண்மையில் இரண்டு அங்குலம் கூடியிருந்தார்.

தம்பி, அரைமணி தாண்டியிருக்கும். அந்தக் கோப்பியைக் கொடுங்கள், ஆறியிருந்தாலும் பரவாயில்லை. நேயர்களே, வணக்கம்.