சீனாவுக்கே சீனி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தென்மாவட்டங்களில் சர்க்கரையைச் சீனி என்றுதான் சொல்வோம். இலங்கையிலும் அப்படித்தான். சீன தேசத்திலிருந்து வந்த வெள்ளைச் சர்க்கரை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் தாங் வம்சத்துப் பேரரசர் ஒருவர், கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வித்தையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். இங்கிருந்து போன வித்தை அங்கே இன்னும் தேர்ந்து, வெள்ளையாகி, அவர்கள் ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு நம் கடைகளுக்குத் திரும்பி வந்தது.

இன்று ஒரு குட்டித் தீவு அந்தச் சீனாவுக்கே சீனி விற்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் விற்பதற்கு முறையான ஒப்பந்தம் போட்டு, கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அந்தத் தீவு மொரீஷியஸ். பரப்பளவு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டி. நம் ஊர் ஒரு நகரத்தின் ஜனத்தொகைதான்.

சீனாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் ஆப்பிரிக்க நாடு இதுதான். நைஜீரியாவும் தென்னாப்பிரிக்காவும் இருக்க, இந்தப் பொடி நாட்டுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், கதையை மளிகைக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1834இலிருந்து இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். தமிழர்கள் அதற்கும் நூறாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் போயிருந்தார்கள். இந்தத் தோட்டங்களின் ஓரத்தில் கடை போட்டவர்கள் சீனர்கள். பெரும்பாலும் ஹக்கா இனத்தவர். தென்சீனாவின் மெய்ஷியான் பக்கத்துக்காரர்கள். 'லாபுடிக் சினுவா' என்பார்கள் அங்கே பேசும் கிரியோல் மொழியில். சீனக் கடை என்று பொருள். அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு, ரம், மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நம் அண்ணாச்சி கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி கடையின் உயிர் எங்கே இருக்கிறது? கணக்கு நோட்டில். அங்கும் அப்படித்தான். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் தொழிலாளி கையில் காசு இருக்காது. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார். வெட்டு தொடங்கியதும் கணக்கு தீரும். 'கார்னே' என்று அந்த நோட்டுக்குப் பெயர். வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில், தமிழனுக்கும் பீகார்ப் பக்கத்துப் போஜ்புரிக்காரனுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல்காரனுக்கும் கடன் கொடுத்தது அந்த நோட்டுதான். கடைக்காரர் கொஞ்சம் போஜ்புரி பேசுவார், கிரியோல் பேசுவார், வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து நிற்பார். வட்டி, எடை குறைவு என்று மனத்தாங்கலும் இருந்திருக்கும். கடன் கொடுப்பவரை ஊரே கொண்டாடியதாக எந்த ஊரில் கதை இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் தலைநகர் போர்ட் லூயிஸில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அங்குள்ள சைனா டவுனில் பழைய கடைகள் பல மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் தராசுக்குப் பின்னால் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாடு என்றதும், "தமில்!" என்று சிரித்துவிட்டு சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்துத் தமிழ் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். மொரீஷியஸ் ரூபாயில் தமிழ் உண்டு, தெரிந்திருக்கும். 25 ரூபாய் நோட்டில் இருக்கும் படம் சர் மொய்லின் ஜான் ஆ சுவெனுடையது. சீன வம்சாவளியினர். கடையில் தொடங்கி வணிகக் குழுமம் கட்டி, அமைச்சராகவும் இருந்தவர். 100 ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழர். 1998இல் அச்சிட்ட நோட்டுகளில் வழக்கமான வரிசையை மாற்றி இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழ, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அந்த நாடு எவ்வளவு கவனமாகப் பார்க்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வெளியுறவிலும் அதே கவனம்தான்; அதற்குப் பிறகு வருகிறேன்.

நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறாத சீன வம்சாவளியினருக்காக, சீனப் புத்தாண்டு அங்கே அரசு விடுமுறை. நம் தைப்பூசக் காவடிக்கும் விடுமுறை. போர்ட் லூயிஸில் சீன வணிகர் சங்கம் தொடங்கியது 1908இல். மக்கள் சீனக் குடியரசு பிறப்பதற்கு நாற்பது ஆண்டு முன்பே வணிக உறவுக்கு ஆள் தயார். மொரீஷியஸ் சுதந்திரம் பெற்றது 1968இல், பெய்ஜிங்குடன் தூதரக உறவு 1972 ஏப்ரலில்.

இப்போது துணிக்கதை ஒன்று. சுதந்திரம் வந்தபோது அந்த நாட்டில் கரும்பைத் தவிர எதுவும் இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம். பொறியாளரும் பேராசிரியருமான எதுவார் லிம் ஃபாட், இவரும் சீன வம்சாவளியினர், ஏற்றுமதிக்கென்று தனி மண்டலம் வையுங்கள் என்று வலியுறுத்தினார். 1970இல் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் எந்த நாடு எத்தனை சட்டை ஏற்றுமதி செய்யலாம் என்று மேலைநாடுகள் கோட்டா வைத்திருந்தன. ஹாங்காங் முதலாளிகளின் கோட்டா தீர்ந்துபோயிருந்தது. மொரீஷியஸின் கோட்டா தொடப்படாமல் கிடந்தது. ஐரோப்பாவுக்கு வரி இல்லாமல் அனுப்பும் சலுகையும் இருந்தது. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் போகப்போகிறதே என்ற பயமும் சேர்ந்துகொள்ள, தையல் மெஷின்களோடு வந்து இறங்கினார்கள். அங்கே பேச்சுத்துணைக்கு ஹக்கா மொழிக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அதுவும் ஒரு காரணம். எண்பதுகளில் கரும்புக்காட்டு வீட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

2005 தொடக்கத்தில் கோட்டா முறை ஒழிந்தது. ஹாங்காங் முதலாளிகளில் பலர் கடையைக் கட்டிவிட்டு சீனப் பெருநிலத்துக்குப் போனார்கள். வந்தது கோட்டாவுக்கு, கோட்டா போனதும் போய்விட்டார்கள். அதே நேரத்தில் ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உத்தரவாத விலையையும் 36 சதவீதம் குறைத்தது. இரண்டு கையிலும் அடி.

இந்தச் சமயத்தில்தான் சீன அரசு பெரிய அளவில் உள்ளே வந்தது. 2013இல் திறந்த புதிய விமான நிலைய முனையம் சீன எக்ஸிம் வங்கிக் கடனில் சீன நிறுவனம் கட்டியது. பகத்தெல் அணையும் சீனர் கட்டியதுதான். சாலையோரக் கண்காணிப்புக்குச் சுமார் 4,000 கேமராக்கள் வைத்தார்கள். யாரைப் பார்க்க, யார் பார்க்க என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை. 2013 அக்டோபரிலிருந்து இரு நாட்டாரும் விசா இல்லாமல் போய்வரலாம். இதெல்லாம் ஒழுங்காக நடந்தவை, விட்டுவிடுவோம்.

ஒழுங்காக நடக்காத ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். போர்ட் லூயிஸுக்குப் பக்கத்தில் ரிஷ் தேர் என்ற இடம். பிரெஞ்சில் வளமான மண் என்று பொருள். பெயருக்கேற்ப அங்கே சிறு விவசாயிகள் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார்கள். சீனா ஆப்பிரிக்காவில் பொருளாதார மண்டலங்கள் அமைக்கப் போவதாக அறிவித்தபோது, அதில் ஒன்றுக்கு இந்த 211 ஹெக்டேர் நிலத்தை அரசு ஒதுக்கியது. விவசாயிகள் வெளியேற்றப்பட்டார்கள், போராட்டம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தது. தொழிற்சாலைகள் வரும், ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்றார்கள். 2009 பிப்ரவரியில் சீன அதிபர் ஹூ ஜிந்தாவே மொரீஷியஸுக்கு வந்து போனார். மண்டலத்தின் பெயரை ஜின்ஃபெய் என்று மாற்றினார்கள். தொழிற்சாலைகள் மட்டும் வரவில்லை. வருடக்கணக்கில் சாலையும் வேலியுமாகக் கிடந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பிறகு அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. கத்தரியும் வெண்டையும் காய்த்த மண்!

கடைக்கார ஹக்காக்காரர் யாரிடமும் 211 ஹெக்டேர் கேட்கவில்லை. ஒரு பலகை, ஒரு தராசு, ஒரு நோட்டு. எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு சரக்கு போட்டார். ஜின்ஃபெய்யில் வரைபடம் முதலில் வந்தது, வாங்குகிறவர் யார் என்ற கேள்வி கடைசியில் வந்தது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். 2017 டிசம்பரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. 2018 ஜூலையில் அதிபர் ஷி ஜின்பிங் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் இந்தத் தீவில் இறங்கிவிட்டுப் போனார். 2019 அக்டோபர் 17 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்து. 2021 ஜனவரி 1 முதல் அமல். சீனா தன் சுங்கப் பட்டியலில் 96.3 சதவீத இனங்களுக்கு வரியை நீக்குகிறது, மொரீஷியஸ் 94.2 சதவீத இனங்களுக்கு.

கேட்க ஏதோ பெரிய தோள்மேல் தோள் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் மொரீஷியஸிடம் அத்தனை இனங்கள் எங்கே இருக்கின்றன? அது விற்கக்கூடியது சர்க்கரை, மீன், ரம், கொஞ்சம் துணி. எதில் உண்மையில் சரக்கு இருக்கிறதோ, அந்தச் சர்க்கரைக்குச் சீனா வரியை நீக்கவில்லை, கோட்டா கொடுத்தது. முதல் ஆண்டு 15,000 டன், ஆண்டுதோறும் ஏறி எட்டாவது ஆண்டில் 50,000 டன். அந்த அளவுக்குள் 15 சதவீத வரி. கோட்டாவுக்கு வெளியே வந்தால் 50 சதவீதம். சீனா வருடத்தில் இறக்குமதி செய்யும் சர்க்கரையோ பல பத்து லட்சம் டன். அங்கே 50,000 டன் என்பது கல்யாணப் பந்தியில் ஊறுகாய்.

அப்படியானால் மொரீஷியஸ் ஏமாந்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. காரணம், வெள்ளைச் சர்க்கரையை எடைக்கு எடை விற்று பிரேசிலோடு போட்டிபோட அவர்களால் முடியாது. ஒருகாலத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் டன் எடுத்தார்கள். இப்போது 3 லட்சம்கூட இல்லை. அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் ஸ்பெஷல் சர்க்கரையில் இருக்கிறது. வெல்லப்பாகு நீக்காமல் காய்ச்சிய மஸ்கவாடோ, டெமராரா என்று பழுப்பும் கறுப்புமாகப் பல வகை. சீனாவிலும் பழுப்புச் சர்க்கரைக்குத் தனி மரியாதை உண்டு. இஞ்சி தட்டிப்போட்டுப் பழுப்புச் சர்க்கரையில் காய்ச்சிய தண்ணீரைப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் கருப்பட்டி கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து சரக்கு போடுவது இதுதான். 15,000 டன் நல்ல விலைக்குப் போனால் அந்த ஊருக்கு அது சிறிய காசு இல்லை.

இன்னொன்றும் விற்கிறார்கள்: இடம். ஆப்பிரிக்காவில் முதலீடு செய்யும் சீனப் பணத்துக்கு வங்கி, வக்கீல், வரி ஒப்பந்தம், ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த கணக்காளர் என்று எல்லாம் ஒரே தீவில். இந்தியாவுக்குள் வந்த முதலீட்டுக்கு அவர்கள் நெடுங்காலம் செய்த வேலைதான்.

இந்தியா என்றதும் அந்த வரிசை விஷயம் நினைவுக்கு வருகிறது. சீன ஒப்பந்தம் அமலானது 2021 ஜனவரி 1. இந்தியாவுடனான விரிவான பொருளாதார ஒப்பந்தம் அமலானது 2021 ஏப்ரல் 1. சரியாக மூன்று மாதம். இந்தியாவும் ஓர் ஆப்பிரிக்க நாட்டோடு இப்படிச் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அதுதான். விமான நிலைய முனையம் சீனப் பணம் என்றால், மெட்ரோ ரயில் இந்தியப் பணம். இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு வீட்டாரையும் கோபிக்க விடாமல் திரும்புவது ஒரு தனிக் கலை. மக்களில் பெரும்பகுதி இந்திய வம்சாவளி. மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் ஓடுபாதை கட்டும் வேலை இந்தியாவுக்குப் போனது; பெய்ஜிங் அதற்காக முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

இனிமேல்தான் சிக்கல். ஆப்பிரிக்காவில் தன்னோடு உறவுள்ள 53 நாடுகளுக்கும் வரியைப் பூஜ்யமாக்கத் தயார் என்று 2025 ஜூனில் சீனா அறிவித்தது. முதலில் வந்து வரிசையில் நின்றவனுக்குக் கிடைத்த சலுகை, பின்னால் வந்த எல்லாருக்கும் கிடைத்தால் முதலில் வந்ததற்கு என்ன மதிப்பு? 2028இல் சர்க்கரைக் கோட்டா முழு 50,000 டன்னைத் தொடும். அதற்குள் கரும்பு வெட்ட ஆள் இருக்க வேண்டும். சிறு விவசாயிகள் கரும்பை விட்டுவிட்டார்கள், பிள்ளைகள் அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள், தரிசு கூடிக்கொண்டே போகிறது.

ஊர் திரும்பும்போது ஒரு பாக்கெட் மஸ்கவாடோ வாங்கி வந்தேன். அழகான அட்டைப் பெட்டி, ஐரோப்பியச் சந்தைக்கான விலை. அம்மா பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இது நம்ம நாட்டுச் சக்கரைதானடா, இதுக்கா ப்ளேன்ல போய்ட்டு வந்தே?" என்றார்.

நன்றி, வணக்கம்.