ஒட்டுத்துணிப் போர்வைக்கு எத்தனை துணி?

நேயர்களுக்கு வணக்கம். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை வகைத் துணி வேண்டும் என்பதைத்தான். இரண்டே போதும், இருநூறும் ஆகும். தொல்லை தருபவை இடைப்பட்ட ஆறேழு துணிகள்தாம் என்பது என் கருத்து.

இரண்டு மூன்று துணிகளோடு நிறுத்திக்கொண்டால், கண் துணியை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் பகுதியில் எளிய வாழ்க்கையைப் போற்றும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவக் குழுவின் பெண்கள், பூவும் கோடும் இல்லாத ஒற்றை நிறக் கம்பளித் துணிகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, நடுவில் பெரிய சாய்சதுரம் ஒன்றை அமைத்து, மற்ற அழகையெல்லாம் நுண்ணிய கைத்தையலிடமே விட்டுவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது ‘லாக் கேபின்’ என்னும் அமைப்பு. நடுவில் ஒரு சிறு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகள் வளரும். அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிர்நிறங்கள், எதிரேயுள்ள இரு பக்கங்களில் அடர்நிறங்கள் என்ற ஒரே ஒழுங்கைக் காத்துவிட்டால், தையற்கடையில் கழித்துப் போட்ட வெட்டுத் துண்டுகள் எத்தனை வகையாக இருந்தாலும் அங்கே இடமுண்டு. ஒரு துணி தீர்ந்துபோனாலும் அதே சாயலில் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

ஆறேழு துணிகளில் இந்த வசதி கிடையாது. ஒரே பூத்துணி இரண்டு முறை அருகருகே வந்தாலும் கண்ணில் உறுத்தும்; பார்ப்பவர் அதில் ஏதோ ஒழுங்கு இருப்பதாக எண்ணித் தேடுவார். அத்தனைதான் கையில் இருக்கிறது என்றால், ஒன்றை முதன்மையாக்கிப் பாதிப் பரப்பை அதற்குக் கொடுத்து, மற்றவற்றைச் சிறு அளவில் பயன்படுத்துவதே நல்லது.

துணிகளைப் பிரிக்கும்போது நிறத்தின் பெயரை மறந்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் நமக்கு எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் சற்றுத் தள்ளி நின்று பார்க்கையில் வடிவம் கலங்கிவிடும். எல்லாவற்றையும் தரையில் பரப்பிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், எது எந்தப் பக்கம் சேரும் என்பது உடனே விளங்கும்.

அளவுக் கணக்கும் முடிவை மாற்றும். 44 அங்குல அகலமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ரவிக்கைத் துணியில், சுருக்கத்துக்குக் கொஞ்சம் விட்டுவிட்டால், மூன்றரை அங்குலச் சதுரங்கள் 96 தேறும். கட்டிலுக்கான விரிப்புக்கோ 567 சதுரங்கள் வேண்டியிருக்கலாம்: குறுக்கே 21, நெடுக்கே 27. ஆகவே இரண்டே துணியில் தைக்க விரும்புகிறவர், ஒவ்வொன்றிலும் இரண்டரை மீட்டராவது ஒரே வெட்டாக வாங்கிவிட வேண்டும். பிறகு போனால் அதே சாயம் அமையாது.

துணி கூடக்கூட ஆபத்தும் கூடும். சாயம் போகும் ஒரே ஒரு சிவப்புத் துண்டு முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளைகளையெல்லாம் கெடுத்துவிடும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரியை எடுங்கள். ஓரப்பட்டிக்குப் புதுத் துணி தேட வேண்டாம். உள்ளே வரும் அடர்நிறங்களில் ஒன்றிலிருந்து, இந்த அளவுப் போர்வைக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, வெட்டத் தொடங்கும் முன்பே எடுத்து ஒதுக்கி வையுங்கள்.