வாளியில் வராத எண்ணெய்: எண்ணூரில் ஒரு காலை

வணக்கம் நண்பர்களே. எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கிறேன். காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அலையாத்தி வேரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து இந்தப் பக்கமெல்லாம் கறுத்துப் போனது. அதற்கு முன்னால், 2017 ஜனவரி 28 அன்று, இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் இளைஞர்களும் வாளி வாளியாக அள்ளியது நினைவிருக்கும். வாளியில் வருவது மேலே மிதப்பதுதான். சேற்றில் இறங்கியதை, வேரில் அப்பியதை எப்படி அள்ளுவது?

அங்கேதான் கடல் பூஞ்சை வருகிறது. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். வளையம் வளையமாகப் பின்னிய பொருள், லேசில் மட்காது. அதை உடைக்கச் சில பூஞ்சைகள் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகளை உடம்புக்கு வெளியே சுரக்கின்றன. எண்ணெயில் இருக்கும் பினாந்திரீன் போன்ற நச்சுகளும் வளையங்களால் ஆனவைதான். இந்த நொதிகள் ஆள் பார்ப்பதில்லை, இரண்டிலும் கைவைக்கும். பூஞ்சை இழைகளுக்குத் தார்க்கட்டியைத் துளைத்து உள்ளே போகவும் முடியும்.

கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் சந்திரலதா ரகுகுமாரும் அவருடன் உழைத்தவர்களும், மேற்குக் கடலின் பவளத்தீவுக் காயலில் அழுகிக் கிடந்த கடற்புல்லிலிருந்து ஃபிளாவோடான் ஃபிளாவஸ் என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். அது தன் மேல் சுரக்கும் வழவழப்பான பசையில் பினாந்திரீனைப் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் நொதி வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரிலேயே வளர்வது! எனக்கு இதில் பிடித்ததே அதுதான். வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியே கொண்டுவந்து இங்கே தூவிவிடலாமா? கூடாது. அந்த நொதிகளுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். இந்தச் சேற்றில் ஒரு சாண் தோண்டினாலே அது இருக்காது. கிளறினால் வேர் அறுந்துவிடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும்கூட அளவாகக் கிடைக்க வேண்டும். அதனால் அள்ளியெடுத்த எண்ணெய்ச் சேற்றில்தான் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கரையில் பாத்தி கட்டி, வைக்கோலில் வளர்த்த பூஞ்சையைக் கலந்து, காற்றுப்படப் புரட்டிக்கொண்டே இருக்கலாம். மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பீப்பாயில் அடைத்து வேறெங்கோ கொட்டினால் அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேறு அவர்கள் உடம்பில் படுகிறது. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் யாராவது கடல் பூஞ்சை வளர்க்கிறார்கள் என்றால் கீழே எழுதுங்கள். நேரில் வந்து பேசுகிறேன்.