கவருக்குள்ள இருந்த நம்பர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மனுஷன் விண்வெளிக்குப் போன ஆரம்ப காலத்தப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டிருந்தாங்க. அதுல எனக்கு ரொம்ப வருஷமா மனசுல நிக்கிறது ஒரு கவர். 1961 ஏப்ரல் 12ஆம் தேதி யூரி ககாரின் வோஸ்டாக் கப்பல்ல ஏறி உக்காந்தப்ப அவருக்காக உள்ள வச்சிருந்த கவர், அதுல மூணு இலக்கத்துல ஒரு நம்பர், 125.

எதுக்குன்னா, கப்பல அவரே ஓட்டுற வசதிய பூட்டி வச்சிருந்தாங்க. எடையே இல்லாம மிதக்குறப்ப மனுஷனுக்கு புத்தி தடுமாறிடுமோ, எதையாவது அமுக்கிடுவாரோன்னு டாக்டர்களுக்கு பயம். அதனால எல்லாமே ஆட்டோமேட்டிக். அது கோளாறு ஆனா மட்டும் கவரப் பிரிச்சு, நம்பரப் போட்டு, அவர் ஓட்டிக்கலாம், பிரிச்சுப் படிக்கிற அளவுக்கு தெளிவு இருந்தா ஓட்டவும் தெளிவு இருக்கும்ங்கிற கணக்கு. அவங்களக் குறை சொல்ல எனக்கு மனசு வரல, அதுக்கு முன்னாடி நாய்ங்க போய் வந்திருக்கே தவிர எந்த மனுஷனும் போனதில்ல. ஆனா தலைமை வடிவமைப்பாளர் கொரொல்யோவுக்கு மனசு கேக்கல, கிளம்புறதுக்கு முன்னாடியே நம்பர ககாரின்கிட்ட சொல்லிட்டார்! அன்னைக்கு அது தேவைப்படல.

ஆனா நாலு வருஷம் கழிச்சு, கப்பல கையால ஓட்ட வேண்டிய நிலைமை நிஜமாவே வந்துச்சு, வேற ரெண்டு பேருக்கு.

1965 மார்ச் 18, வோஸ்கோட் 2ங்கிற சோவியத் விண்கலம். கமாண்டர் பாவெல் பெல்யாயெவ், கூட அலெக்சி லியோனோவ். காத்தடிச்சா நீளுற துணி ஏர்லாக் வழியா, அதாவது ரெண்டு பக்கமும் கதவு வச்ச ஒரு குழாய் வழியா, லியோனோவ் வெளிய வந்தார், மனுஷ வரலாற்றுலயே முதல் தடவையா. பன்னெண்டு நிமிஷம்தான். ஆனா வெளிய காத்தே இல்லாததால அவரோட ஸ்பேஸ் சூட் பலூன் மாதிரி உப்பிக்கிச்சு, விரல் கையுறைக்குள்ள எட்டல, கால் பூட்ஸ விட்டு நழுவுது, கயித்தப் பிடிச்சு இழுக்கக்கூட முடியல. டிவில பாத்துக்கிட்டிருந்த அவரோட குட்டிப் பொண்ணு, அப்பாவ உள்ள போகச் சொல்லுங்கன்னு அழுதுச்சாம், அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

அவர் என்ன பண்ணார்னா கீழ யார்கிட்டயும் கேக்கல, சூட்ல இருக்குற வால்வத் திறந்து உள்ள இருக்குற ஆக்ஸிஜன கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டார். அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் வந்து உயிருக்கே ஆபத்து, அது தெரிஞ்சும் செஞ்சார். கால முதல்ல விட்டு வரணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க, இவர் தலைய முதல்ல விட்டு நுழைஞ்சு, அந்த ஒடுக்கமான குழாய்க்குள்ள உடம்ப சுருட்டித் திரும்பி பின்னாடி கதவ மூடினார். யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு நிதானம் வேணும் அதுக்கு.

அதோட முடியல. மறுநாள் இறங்குற நேரத்துல ஆட்டோமேட்டிக் சிஸ்டம் வேலை செய்யல. சரி, கையாலயே இறக்கலாம்னா அதுலயும் ஒரு சிக்கல். ஒருத்தருக்காக செஞ்ச கப்பல்ல சீட்ட பக்கவாட்டுல திருப்பிப் போட்டுத்தான் இவங்களுக்கு இடம் பண்ணியிருந்தாங்க, அதனால சீட்ல உக்காந்தபடி ஜன்னல் வழியா பூமியப் பாத்து குறி வைக்க முடியாது. பெல்யாயெவ் ரெண்டு சீட்டுக்கும் குறுக்க படுத்துக்கிட்டார், லியோனோவ் அவர அசையாம பிடிச்சுக்கிட்டார், அப்படியே கப்பல சரியான கோணத்துக்குக் கொண்டு வந்தாங்க. திரும்ப சீட்ல வந்து உக்காந்து வேகத்தக் குறைக்கிற ராக்கெட்ட எரிய விடுறதுக்குள்ள 46 நொடி போயிடுச்சு. மேல அந்தக் கொஞ்ச நேரம்னா கீழ நூத்துக்கணக்கான கிலோமீட்டர்! நினைச்ச இடத்துல இறங்காம யூரல் மலைப் பக்கம், பெர்ம் பகுதில இருக்குற அடர்ந்த காட்டுக்குள்ள போய் விழுந்தாங்க.

சுத்தி ஆளுயரப் பனி. அவங்க இறங்கி வந்த கேப்ஸ்யூலோட கதவு ஒரு மரத்துல இடிச்சு முழுசா திறக்கல, ஆட்டி அசைச்சுதான் வெளிய வந்தாங்க. லியோனோவ் சூட்டுக்குள்ள வேர்வை தேங்கிக் கிடந்துச்சு, அந்தக் குளிர்ல அப்படியே இருந்தா உறைஞ்சிடும்னு துணியெல்லாம் கழட்டிப் பிழிஞ்சு போட்டுக்கிட்டாங்க. ஹெலிகாப்டர் வந்துச்சு, இறங்க இடமில்ல, துணிமணிய மேல இருந்து போட்டாங்க, பாதி மரத்துலயே மாட்டிக்கிச்சு. அந்த ராத்திரிய ரெண்டு பேரும் கேப்ஸ்யூலுக்குள்ளயே கழிச்சாங்க. அடுத்த நாள் மீட்புக் குழு பனிச்சறுக்குல வந்து மரத்த வெட்டி ஒரு குடில் போட்டு தீ மூட்டிக் குடுத்தாங்க.

இன்னொன்னு சொல்லணும், லியோனோவ் நல்லா படம் வரைவார். கலர் பென்சில் எடுத்துட்டுப் போயிருந்தார், மிதந்து போயிடாம ஒவ்வொண்ணுக்கும் நூல் கட்டி. செத்துப் பிழைச்சு உள்ள வந்தவர், அந்தப் பயணத்துலயே மேல இருந்து பாத்த சூரிய உதயத்த வரைஞ்சார், விண்வெளில வரைஞ்ச முதல் படம் அதுதான். எனக்கு அந்தப் படத்தப் பாக்குறப்பல்லாம் டாக்டர்களோட அந்த பயம் ஞாபகம் வரும், புத்தி தடுமாறிடுமோன்னு நினைச்ச அதே இடத்துல உக்காந்து ஒருத்தர் பூமியோட விளிம்புல எந்தக் கலருக்கு மேல எந்தக் கலர் வருதுன்னு பாத்துப் பாத்து தீட்டியிருக்கார்.

ரெண்டாவது ராத்திரியும் காட்டுலயே போச்சு. மார்ச் 21ஆம் தேதி, ஹெலிகாப்டர் இறங்குறதுக்காக மரங்கள வெட்டி வச்சிருந்த இடம் வரைக்கும், ஏறக்குறைய 9 கிலோமீட்டர், ரெண்டு பேரும் பனிச்சறுக்குல அவங்களாவே போய்ச் சேந்தாங்க.