இலை போட்ட பிறகு மாத்திரை

வணக்கம் நேயர்களே. மதுரையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது என் சொந்த வீட்டில் நடந்த ஒன்றை வைத்து.

சித்திரை மாதம். குடும்பத்தோடு பொருட்காட்சிக்குக் கிளம்பினோம். சித்தப்பாவுக்கு ரொம்ப வருடமாகச் சுகர். வெளியே போனால் மறந்துவிடும் என்று ஏழு மணிக்கே, வீட்டிலேயே இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாடு, எல்லாம் பார்த்து முடித்தபின் ஓட்டலில் என்று ஏற்பாடு. ராட்டினத்துக்கு வரிசை, டெல்லி அப்பளத்துக்கு வரிசை. மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

முதலில் பேரன்மேல் எரிந்து விழுந்தார். அவர் அப்படிப்பட்டவரே இல்லை. அப்புறம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்தது. புழுக்கம் என்றார்கள். ஆனால் கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின, கால் தள்ளாடியது, ஏதோ கேட்டால் நாக்குக் குழறியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "பொம்பளைப் பிள்ளைகளோட வந்த இடத்துல குடிச்சிட்டு வந்திருக்கார் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வாழ்நாளில் சாராய வாடையே படாத மனிதர். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிரிலேயே கரும்புச்சாறு கடை. ஒரு டம்ளர் வாங்கி வந்தேன். சித்தி என் கையைப் பிடித்துத் தடுத்தார். "அவருக்குச் சுகர் இருக்குடி, இதைப் போய்க் குடுக்கிறியே!"

இந்தத் தயக்கம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. சர்க்கரை நோய் என்றால் சர்க்கரை கூடுவது மட்டும்தான் ஆபத்து என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது குறைவதும் ஆபத்துதான், அதுவும் நிமிடக் கணக்கில் வரும் ஆபத்து. உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் வரும் குளுக்கோஸ்தான் அதற்கு முக்கியமான தீனி. 100 மில்லி ரத்தத்தில் அதன் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும். 54-க்கும் கீழே போனால் புத்தி தடுமாறும், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது, வயிற்றில் மட்டும் ஒன்றுமில்லை. வரிசையில் நின்றதும் நடந்ததும் இருந்த சர்க்கரையையும் கரைத்துவிட்டன.

சித்தியிடம் அப்போது இதையெல்லாம் விளக்க நேரமில்லை. சித்தப்பாவை உட்கார வைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, வாய் வாயாகக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. "என்ன, எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?" என்று கேட்டார். அதன் பிறகு இட்லி வாங்கிச் சாப்பிட வைத்தோம்.

கரும்புச்சாறுதான் வேண்டும் என்றில்லை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். இனிப்புள்ள குளிர்பானம் அரை டம்ளர் போதும், 'டயட்' என்று போட்டது உதவாது. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் வேண்டாம், அவற்றில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரவிடும். வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் தாமதமாகத்தான் வேலை செய்யும், அவர்கள் குளுக்கோஸ் பொடியே வைத்திருக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டர் கையில் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். ஒருவேளை சர்க்கரை கூடித்தான் இருந்தது என்றாலும், அந்த அரை டம்ளரால் பெரிய கெடுதல் வராது. குறைந்திருக்கும்போது கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை மட்டும் துவண்டாலோ அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போதும் உடனே 108-தான்.

தெளிந்துவிட்டார் என்று அன்று இரவு தனியாகத் தூங்க விடவும் கூடாது. இந்த வகை மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், மறுபடி இறங்கலாம். நாங்கள் இரவு இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பரிசோதித்தோம்.

கல்யாணம், திருவிழா, ஓட்டல் என்று எங்கே போனாலும் இரவு மாத்திரை சட்டைப் பையில் போகட்டும். இலை போட்டு, சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகு எடுத்தால் போதும். ஒரு தடவை இப்படி இறங்கியிருந்தால், மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலே மருந்து உடம்பில் தங்கிவிடும். பழைய அளவு இப்போது அதிகமாக இருக்கலாம். சித்தப்பாவுக்கும் ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் குறைத்தார்கள்.

நன்றி, வணக்கம்.